செரனேடில் ஒரு மூச்சு

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில், வேலை செய்யும் இடத்தில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் சும்மா.

பழைய மேற்கத்திய செவ்வியல் இசைப்பதிவுகளைச் சுத்தம் செய்வது என் தொழில். இருமல், தும்மல், நாற்காலி கிறீச்சிடுவது எல்லாவற்றையும் கணினியில் வெட்டி எடுப்பேன். அந்த இசை மீது எனக்கு மரியாதை கிடையாது. சிம்பொனி என்றால் நாற்பது நிமிட ஒப்பாரி. செரனேட் என்றால் அதே ஒப்பாரி, கொஞ்சம் பவுடர் பூசியது. அதைக் கேட்டுக் கண்ணை மூடித் தலையாட்டும் கனவான்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று கையில் இருந்தது அறுபது வருடத்துக்கு முந்தைய செரனேட். இசைக்குழுவை நடத்தியவரின் மகள் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து போன் செய்தார்.

“ரெண்டாவது பகுதி முடிஞ்சதும் ஒரு மூச்சுச் சத்தம் வரும் தம்பி. அது நான்தான். அப்ப ஒன்பது வயசு, எனக்கு இழுப்பு. அப்பா காலடியில உட்கார்ந்திருந்தேன். அதை மட்டும் எடுத்துடாதீங்க.”

“சரிங்கம்மா” என்றேன். போனை வைத்ததும் சிரித்தேன். எவளோ ஒருத்தியின் இழுப்பை எவன் காசு கொடுத்துக் கேட்பான்?

மணி 3:02. அந்த இடம் வந்தது. உஸ்ஸ்... உஸ்ஸ்... வெட்டினேன்.

திரும்ப ஓட்டினேன். அதே இடம். அதே மூச்சு, கொஞ்சம் மெலிந்து. சேமிக்க மறந்திருப்பேன். 3:09. வெட்டினேன்.

மறுபடி வந்தது. இழுத்து... இழுத்து... இது குழந்தையின் மூச்சு இல்லை. வயதான மூச்சு.

“எங்க போயிடுவே, பார்க்கிறேன்” என்றேன். 3:15. வெட்டினேன்.

உஸ்ஸ்... ஹெட்போனைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. என் வலது தோளுக்குப் பின்னால்...

திரும்பினேன். யாருமில்லை.

பயந்துவிட்டேன், மறைப்பானேன். 3:21. வெட்டினேன்.

உஸ்...

3:26. வெட்டினேன்.

வரவில்லை.

ஒழிந்தது சனியன் என்று டீ குடிக்கப் போனேன். ஐந்து மணிக்குப் போன். அந்த அம்மாவின் மகன்.

“அம்மா போயிட்டாங்க சார். மூணு மணியிலிருந்து மூச்சு நிக்கும்... திரும்பி வரும்... நாலு தடவை வந்துச்சு. அஞ்சாவது தடவை நின்னது நின்னதுதான்.”

“எத்தனை மணிக்கு?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“மூணு இருபத்தாறு. ஏன் சார்?”