மெட்ஃபார்மினை நிறுத்திய நாள்

என் மனைவிக்கும் அந்த மாத்திரைக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. இனிப்புநீர் வந்ததிலிருந்து காலையும் மாலையும் மெட்ஃபார்மின். விழுங்கினால் வயிற்றைக் கலக்கும். நாங்கள் குடியிருக்கும் சுங்கை வேயிலிருந்து எங்கே கிளம்பினாலும் அங்கே கழிப்பறை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பாள். நான் பக்கத்தில் நின்று கத்தினால்தான் மாத்திரை உள்ளே போகும். எனக்கும் எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

பிறகு கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். வாட்ஸ்அப்பில் பூண்டும் பப்பாளி இலையும் வந்து குவிந்தன. திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அழித்தேன். ஒன்றை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. மெட்ஃபார்மின் புற்றுநோய்க்கும் உதவுமா என்று ஆராய்கிறார்களாம். அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

“இத்தன வருஷமா அதத்தானே முழுங்குறேன். அப்புறம் ஏங்க வந்துச்சு?”

எனக்குக் கோபம் வந்தது. கேள்வி நியாயமாக இருந்ததால் வந்த கோபம்.

கோலாலம்பூரில் அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மாவிடம் கேட்டோம். சோதனைக்கூடத்தில் நம்பிக்கை தருவது உண்மைதான், மனிதர்களிடம் இன்னும் உறுதியாக எதுவும் தெரியவில்லை, இனிப்புநீருக்காகத் தொடரட்டும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். இவள் ‘தொடரட்டும்’ என்ற ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு நான் கத்த வேண்டியிருக்கவில்லை. தானாகவே எடுத்து விழுங்கினாள். வயிறு கலக்கினால் மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள். அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சில மாதங்களில் நோய் பரவி சிறுநீரகமும் கெட்டது. டாக்டரம்மா மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். சிறுநீரகம் இப்படி இருக்கும்போது அது ஆபத்தாம். ரத்தத்தில் சீனியும் அவ்வளவாக இல்லை, இனி ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பிரிக்ஃபீல்ட்ஸ் தேநீர்க் கடையில் தே குடிக்கலாம் என்றாள். கடைக்காரரிடம் தே தாரிக் ஒன்று, சீனி தூக்கலாகப் போடுங்கள் என்று அவளே சொன்னாள். பாவம், ஆசைப்படுகிறாள், குடிக்கட்டும் என்று விட்டேன். இரண்டு வாய் குடித்ததும் குமட்டியது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கிளாஸை எடுத்தாள். முடியாவிட்டால் வைத்துவிடேன் என்றேன்.

“சும்மா இருங்க லா. சீனி ஏறிடுச்சுன்னா அந்த மாத்திரய திரும்பக் குடுத்துத்தானே ஆகணும்?”

எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. அவள் குடித்து முடிக்கும்வரை கிளாஸை நான் பிடித்துக்கொண்டேன்.