கேட்பது போல ஒரு போட்டோ

இன்று மண்ணூரில் எங்கள் கம்பெனி செலவில் ஓர் இலவசச் சட்ட உதவி முகாம் நடந்தது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்காகவாம். நாற்காலி போட எங்கள் புரொடக்‌ஷன் லைனிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.

பேச்செல்லாம் முடிந்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தாவை மேடைக்கு அழைத்து, பேச வந்திருந்த வக்கீல் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"ஏதாச்சும் பேசிக்கினே இருங்க தாத்தா. அப்பதான் நேச்சுரலா இருக்கும்" என்றார் போட்டோகிராபர்.

அவர் நிஜமாகவே பேசினார்.

"பொண்ணு செத்து மூணு வருசமாச்சும்மா. மருமவன் வேற கல்யாணம் பண்ணிக்கினான். பாப்பாவ எட்டிக்கூட பாக்கல. இப்ப வர்ற ஞாயித்துக்கெழம வந்து இட்டுனு பூடுவேன்றான். போவ மாட்டேன்னு அது ஒரே அயுவ. நான் இன்னாம்மா பண்றது?"

வக்கீல் அம்மா தலையை ஆட்டினார். கண் மட்டும் கேமராவில் இருந்தது.

"சார், பேனர்ல கம்பெனி பேரு கட்டாயிடுச்சு. இன்னொரு தபா எடுங்க" என்றார் எங்கள் ஹெச்ஆர்.

பாவம், தாத்தா முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். அந்த அம்மாவும் அதே மாதிரி தலையை ஆட்டினார். போட்டோ நன்றாக வந்துவிட்டது. உடனே வக்கீல் அம்மா காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தாத்தா என்னிடம் வந்தார்.

"வக்கீலம்மா ரெண்டு தபாவும் நல்லா கேட்டுக்கினாங்கப்பா. எப்ப கூப்புடுவாங்க?"

பின்னால் பேனர் இல்லாவிட்டாலும் காது கேட்கிற வக்கீல் யாரையாவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமைக்குள்.