தமிழில் மட்டும் மாமி

எங்கள் அம்மாவை உங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அறிந்திருப்பீர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தவர்களுக்கு அவர் ரீச்சர். ஸ்காபரோ வீட்டுக்கு வந்து போனவர்களுக்கு, ஒரு வாய் சாப்பிடாமல் படி இறங்க விடாதவர். நான் இங்கே எழுதுவது, உங்களில் பலர் கனடாவுக்கு வருவதற்கு முந்திய அம்மாவைப் பற்றி. அவர் ஒரு சிறுமிக்காகச் செய்த படப்புத்தகத்தைப் பற்றி. இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அந்தச் சிறுமியும் மண்டபத்தில் இருப்பாள். சேலையைத் தானே உடுப்பேன் என்று அடம்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கொய்யக மடிப்பு கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா யாழ்ப்பாணத்தில் கடலுக்குக் கிட்டிய ஓர் ஊரில், ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். சுவரெல்லாம் கரியால் கீறி அடி வாங்கியவர், பின்னாளில் அதையே படித்துச் சித்திர ஆசிரியை ஆனார். அப்பாவைக் கைப்பிடித்து, நான் நடக்கப் பழகியிருந்த வயதில், எழுபதுகளின் தொடக்கத்தில் ரொறொன்ரோ வந்து சேர்ந்தார். அப்போது தெருவில் ஒரு சேலையைக் கண்டால் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் எந்த ஊர் என்று விசாரிப்பாராம். தமிழர் அவ்வளவு அருமை.

பார்க்டேலில் எங்கள் அப்பார்ட்மென்ட் ஜன்னலால் ஏரி தெரியும். மூட்டமான காலைகளில் ஏரியும் வானமும் ஒன்றாகிவிடும். எங்கள் கட்டடம் எங்கோ மிதந்து போவதாக நான் நினைத்துக்கொள்வேன். அந்த வெள்ளைக்குள்ளிருந்துதான் அம்மா வேலைக்கு இறங்கிப் போவார். ஸ்பாடினாவில் ஓர் உடுப்புத் தொழிற்சாலை. ஊரில் பிள்ளைகளுக்குப் பூவும் பறவையும் கீறக் கற்றுக்கொடுத்தவர், இங்கே பாவாடைகளுக்குச் சிப் தைத்தார்.

அடுத்த மெசினில் இருந்தவர் எலேனா. சிலி நாட்டுக்காரி. அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அவருடைய கணவரை ஒரு நாள் காலை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அதன் பின் ஒரு தகவலும் இல்லை. எலேனா மகள் பலோமாவோடு தப்பி வந்து, எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் குடியிருந்தார். அம்மாவிடமும் எலேனாவிடமும் தொழிற்சாலை ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. மிச்சத்தைக் கையால் பேசினார்கள். எலேனா எம்பனாடா என்று ஒன்று சுடுவார், மாவுக்குள் கறி வைத்து மடிக்கும் எங்கள் பற்றீஸின் பெரியண்ணன் மாதிரி. உள்ளே மாட்டிறைச்சி. நாங்கள் அது தொடமாட்டோம் என்று தெரிந்ததும் எங்களுக்கென்று சீஸ் வைத்துச் சுட்டுத் தந்தார். அம்மா இடியப்பம் அவித்துக் கொடுத்தால் அவர் அதை நூல் நூலாகப் பிரித்துப் பார்த்துத்தான் சாப்பிடுவார். தையல்காரி அல்லவா.

எனக்கும் பலோமாவுக்கும் ஒரே வயது. அவள் சில மாதம் மூப்பு. பள்ளிக்கூடத்தில் நான் வாயே திறப்பதில்லை. அவளோடு மட்டும்தான் பேசுவேன். என்ன மொழியில் பேசினோம் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

பிழை எங்கே நடந்தது என்றால், பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அன்ரி என்ற சொல் அவருக்கு அறவே பிடிக்காது, ரப்பரை மெல்லுவது போல இருக்கிறதாம். ஆகவே எலேனாவை நான் மாமி என்று கூப்பிட வேண்டும். ஒரு பிற்பகல் அவர்கள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது, அம்மா சொல்லித் தந்தபடி நல்ல பிள்ளையாக, "மாமி, தண்ணி" என்றேன்.

பலோமா கையிலிருந்த பொம்மையைக் கீழே போட்டாள். அவர்களுடைய ஸ்பானிய மொழியில் மாமி என்றால் அம்மா. அவள் தன் தாயைக் கூப்பிடுவதே அப்படித்தான். எழுந்து போய்த் தாயின் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்கினாள். எலேனா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டு படியிறங்கினேன்.

அதற்குப் பிறகு பலோமா கதவைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருக்கவில்லை. தாயை எங்கள் வீட்டுப் பக்கம் வரவும் விடவில்லை. எலேனா வேலையிடத்தில் அம்மாவிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாராம். நான் மறுபடி ஊமையானேன். அப்பா, "உந்தச் சின்னச் சண்டை நாளைக்குச் சரியாயிடும்" என்றார். அம்மாவுக்கு அது சின்னச் சண்டையாகத் தெரியவில்லை. என்னை மடியில் இருத்தி அவர் சொன்னது நினைவிருக்கிறது.

"உவளுக்குத் தகப்பன் எங்கை எண்டு தெரியாது, பிள்ளை. இருக்கிறது ஒரு தாய். அவவையும் நீ பங்கு கேட்கிறாய் எண்டு பயப்பிடுறாள்."

அந்தக் கிழமை அம்மா சட்டைப் பெட்டி மட்டைகளை வெட்டினார். தொழிற்சாலையில் எறியும் துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, கோதுமைமாப் பசையால் ஒட்டினார். வீடு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பறந்தன. சோற்றுக் கோப்பைக்குள்ளும் நூல் கிடந்தது. அப்பா பேசாமல் எடுத்துப்போட்டுச் சாப்பிட்டார். ஒரு பக்கத்தில் எம்பனாடா சுடும் வீடு, எதிர்ப்பக்கத்தில் இடியப்பம் அவிக்கும் வீடு. இரண்டு வீட்டிலும் ஒரு சிறுமி "மாமி" என்று கூப்பிடுகிறாள். எம்பனாடா வீட்டில் ஓடிவருகிறவர் அவளைப் பெற்றவர். இடியப்ப வீட்டில் ஓடிவருகிறவர் அவளுடைய அம்மாவின் சிநேகிதி. அடுத்த பக்கங்களில் கைக்குட்டையை வீசி ஆடும் சிலிப் பெண்கள், அவர்களுக்கு நடுவில் சேலையோடு ஒருத்தி. வேலையிடத்தில் எலேனா சொல்லச் சொல்ல, ஸ்பானிய வரிகளையெல்லாம் அம்மா தமிழ் எழுத்தில்தான் எழுதினார். உலகத்தில் அதை வாசிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அம்மா புத்தகத்தோடு மேல்மாடிக்குப் போனார். நான் அவருடைய சேலைத் தலைப்புக்குப் பின்னால். பலோமா புத்தகத்தை வாங்கித் தரையில் விரித்து வைத்துப் பார்த்தாள். துணிப் பாவாடைகளைத் தடவினாள். பிறகு, பாப்பி எங்கே என்று கேட்டாள். தகப்பனை அவள் அப்படித்தான் சொல்வாள்.

எலேனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா தரையில் குந்தியிருந்து, பலோமாவின் தகப்பனுக்கு என்ன விருப்பம் என்று எலேனாவிடம் கேட்டார். பட்டம் என்று எலேனா கையால் காட்டினார். சிலியில் செப்டெம்பர் மாதம் வந்தால் வானமெல்லாம் பட்டமாம். அம்மா பென்சிலை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டம் கீறினார். அதன் நூலை நீளமாக இழுத்துக்கொண்டு போய்த் தாளின் விளிம்பில் விட்டார்.

"ஆளை நான் காணேல்லை, அதாலை கீறத் தெரியாது. பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர் தாளுக்கு வெளியிலை நிக்கிறார்."

இதைத் தமிழிலேயே சொன்னார். பலோமாவுக்கு எப்படி விளங்கியதோ தெரியாது, நூல் முடிந்த இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து தரைக்குக் கொண்டுபோனாள். பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னாள். நான் அவளுடைய தாயை மாமி என்று கூப்பிடலாம், ஆனால் தமிழில் மட்டும்.

நான் அன்றைக்கே கூப்பிட்டேன். என் உச்சரிப்பு தமிழாக இருக்கிறதா என்று அவள் காது கொடுத்துக் கேட்டுத் தலையாட்டினாள். அப்படியென்றால் நீயும் என்னை மாமி என்று சொல்லலாமே என்று அம்மா அவளிடம் கேட்டுப் பார்த்தார். மாட்டேன் என்றாள். தனக்கு ஒரு மாமிதான். அம்மா சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் அம்மாவை, ஸ்பானிய மரியாதைச் சொல்லால், சென்யோரா என்றே கூப்பிட்டாள். எவ்வளவு நெருங்கினாலும் அந்தச் சொல்லைத் தாண்டி வரவில்லை.

அந்தச் செப்டெம்பரில் ஏரிக்கரையில் பட்டம் ஏற்றினோம். எலேனா வண்ணத்தாளில் செய்தார். அம்மா அதற்கு ஊர்முறையில், காற்றில் கூவும் விண் கட்டினார். பட்டம் மேலே போனதும் அது கூவத் தொடங்கியது. புல்லில் படுத்திருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். பகல் முழுவதும் அந்தச் சத்தம் ஏரிக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது. சில நாட்களில் கண்ணயரும்போது எனக்கு அது இப்போதும் கேட்கிறது. பலோமா நூலை யாரிடமும் கொடுக்கவில்லை.

அவளுடைய தகப்பனைப் பற்றிக் கடைசிவரை செய்தி வரவில்லை. நாங்கள் ஸ்காபரோவுக்கு வந்தோம், அவர்கள் ஹமில்டனுக்குப் போனார்கள். அப்பா காலமானபோது எலேனா மாமி எங்கள் குசினியில் சமையலைப் பொறுப்பெடுத்து நடத்தினார். பின்னர் அவரும் போனார். அம்மா தமிழ் வகுப்பு நடத்தினார், பின்னால் வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தார், முழங்கால் நோவோடு கோயில் படி ஏறினார். யாரைப் பற்றியும் குறை சொல்லி நான் கேட்டதில்லை, என் சமையலைத் தவிர.

கடைசி நாட்களில் அம்மா ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் கண்மூடியே கிடந்தார். இடைக்கிடை கண்ணைத் திறந்து, ஜன்னலில் ஏரி தெரிகிறதா என்று கேட்பார். ஓம் அம்மா என்பேன். அது கார் நிறுத்துமிடம். ஒரு பின்னேரம் பலோமா ஹமில்டனிலிருந்து வந்தாள். அந்த மட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். சென்யோரா என்று கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்தினாள். குனிந்து அம்மாவின் கையைப் பிடித்து, "மாமி" என்றாள்.

அம்மா கண்ணைத் திறந்தார். முகத்தில் அந்தப் பழைய குறும்பு வந்தது.

"தமிழிலையோ பிள்ளை, உங்கடை பாசையிலையோ?"

பலோமா அம்மாவின் உள்ளங்கையில் முகத்தை வைத்துக்கொண்டாள். மருந்து மாற்ற வந்திருந்த தாதி, ஸ்பானியம் பேசும் கொலம்பியாக்காரி. அவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான். வெளியே வந்ததும் என்னிடம், அது உன் அக்காவா தங்கையா என்று கேட்டாள்.

அக்கா என்றேன்.

அம்மாவை இறுதிவரை பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செய்தி கேட்டதும் ஓடிவந்தவர்களுக்கும், தூர தேசங்களிலிருந்து தொலைபேசியில் எங்களோடு அழுதவர்களுக்கும், சோறு கறி சமைத்து எங்கள் அடுப்பை மூட்ட விடாதவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், வாய்க்கரிசி போட பலோமாவும் முன்னே வந்தபோது வழிவிட்டு நின்ற எங்கள் உறவுகளுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி.

இங்ஙனம்,
மகள்மார்