பின்பக்கம் இரண்டரை அங்குலம்

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது பத்து. வானம் மூடியிருந்தது, தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. சாத்தூர் சாலையில் உள்ள ஒரு ஸ்பிரிங் பட்டறையில் எங்கள் பிக்கப் வண்டியை நிறுத்தி, அதன் பின்பக்கத்தை இறக்கித் தரும்படி கேட்டேன்.

பட்டறைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, டிரைவரைத்தான் பார்த்தார்.

"எல்லாரும் ஏத்தணும்னு வருவாக. சார் இறக்கச் சொல்லுறாக. அதுவும் காலண்டர் சீசன்ல."

"ஏலே, சார் வீட்டம்மா வரணும்லே," என்றார் டிரைவர். "கேள்வி கேக்காம நட்டைக் கழட்டு."

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கிய வண்டி அது. சிவகாசி அச்சகங்களுக்குப் பேப்பர் கட்டுகள் ஏற்றும்; புது வருடக் காலண்டர் அச்சாகும் இந்த மாதங்களில்தான் லோடு அதிகம். கம்பெனியில் இருந்து வரும்போது பின்சக்கரத்துக்கு மேலே பக்கத்துக்கு ஐந்து ஸ்பிரிங் பட்டைகள் இருந்தன. பாரம் தாங்க இன்னும் இரண்டிரண்டு சேர்த்தோம். பின்பக்கம் இரண்டரை அங்குலம் உயர்ந்தது. லோடு இருந்தால் வண்டி சொன்னபடி கேட்கும். வெறுமையாகப் போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆளைத் தூக்கிப் போடும்.

என் மனைவி முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்தவள். அக்டோபரில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்ததும், ஆலங்குளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். மகளும் நர்ஸ், அங்கே இருப்பதுதான் சரி என்று நானும் சொன்னேன். பட்டறைக்குப் போன அன்றைக்கு மனைவி வீட்டைவிட்டுப் போய் நாற்பத்து மூன்று நாள்.

பகலில் சமாளித்துவிடுவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, "கேட்டைப் பூட்டிட்டீகளா?" என்று கேட்பாள். பூட்டியிருந்தாலும் கேட்பாள். இப்போது யாரும் கேட்பதில்லை. நான் இரண்டு முறை எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். ஞாயிறு ஆராதனையில் பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் அவள் இடம் காலியாகவே இருக்கும். பாட்டு எந்த அடியில் போகிறது என்பது எனக்குத் தவறிவிடும்.

நவம்பர் பிறந்ததும், "மெல்ல நடக்கேன், கூட்டிட்டுப் போங்க," என்று போனில் சொன்னாள். காரில் உட்கார்ந்தால், கண்ணாடியை இறக்கினாலும், அவளுக்கு வாந்தி வரும். வாந்தியெடுத்தால் இடுப்பு குலுங்கும். ஆம்புலன்ஸ் வைக்கலாமா என்றேன். "நடக்கிற மனுஷி ஆம்புலன்சுல வந்து இறங்குனா தெருவே அழுதுட்டு ஓடி வரும்," என்றாள். மிச்சம் இருந்தது எங்கள் வண்டிதான். அதன் முன்சீட்டில் ஜன்னலோரம் எத்தனையோ முறை வந்திருக்கிறாள். ஆனால் ஆலங்குளம் சாலை லாரிகள் ஓடிக் குழியான சாலை. வழியில் முப்பத்தொரு வேகத்தடைகள்.

அதனால்தான் பட்டையைக் கழற்றச் சொன்னேன். பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. டேப்பை வைத்து நானே அளந்தேன். இரண்டரை அங்குலம் இறங்கியிருந்தது.

"இருந்தாலும் வெறும் வண்டி குதிக்கத்தான் செய்யும் சார்," என்றார் பட்டறைக்காரர். "பின்னால கொஞ்சம் பாரம் போட்டுட்டுப் போங்க. அம்மா தூங்கிட்டே வரலாம்."

மறுநாள் காலை பத்து மூட்டை மணல் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டிரைவருக்குப் பக்கத்தில், அவள் உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் முப்பத்தொன்றில் பத்தொன்பது வேகத்தடைகள் என்னைச் சீட்டைவிட்டு எழுப்பும். அன்றைக்கு நான்குதான். அந்த நான்கையும் அவள் தாங்குவாளா என்று ஆலங்குளம் போகும்வரை டிரைவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மகள் வீட்டு வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீலச் சேலை. தலை சீவி, பை கட்டித் தயாராக இருந்தாள். மெலிந்திருந்தாள். வண்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அதுக்குள்ள மண்ணு அள்ளிட்டு வந்துட்டீகளா?"

மகள், "அம்மா!" என்று அதட்டினாள். டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கதவைத் திறந்தேன். அவள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவருகே நின்று கீழே பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். கால் வைக்கிற இடம் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல். பின்பக்கத்தை இறக்கி மணலும் ஏற்றியதில் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தது. பின்னால் நான்கு தடவை அளந்த நான், அவள் ஏற வேண்டிய இடத்தில் ஒரு தடவைகூட டேப்பை வைக்கவில்லை.

"முட்டியை இம்புட்டு ஒசரம் தூக்கக் கூடாதே," என்றாள். நர்ஸ் குரலில் சொன்னாள். என்மேல் கோபமில்லை.

இரண்டு மூட்டைகளை இறக்கிப் படியாகப் போட்டோம். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிக்க, அதன்மேல் ஏறி நின்றாள். இப்போது தலை கதவுக்கு மேலே போய்விட்டது. உள்ளே போக இடுப்பை மடக்கிக் குனிய வேண்டும். அதுவும் கூடாது. ஒரு தடவை முயன்றாள். என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின.

"இறக்குங்க," என்றாள்.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "சாப்பிட்டுக் கிளம்புங்க, மழை வருது," என்றாள். இன்னும் ஒரு மாதம் பயிற்சி செய்தால் அம்மா ஏறிவிடலாம் என்றாள் மகள். கட்டிய பையை மனைவியே பிரிக்கச் சொன்னாள். அதிலிருந்து ஊறுகாய் பாட்டிலை மட்டும் எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

திரும்பும்போது அவள் இடத்தில் நான் உட்காரவில்லை. டிரைவரை இறங்கச் சொல்லி நானே ஓட்டினேன். அவர் பின்னால் மணல் மூட்டைமேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வந்தார். வண்டி அப்படி வழுக்கிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு அசைவும் இல்லை.

திங்கட்கிழமை டிரைவர், "பட்டையை மாட்டிருவோமா சார்? லோடு நிக்குது," என்றார். வேண்டாம் என்றேன். பாதி லோடு ஏற்றினால் போதும் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போன் செய்தாள். படிக்கட்டில் இரண்டு படி ஏறினாளாம்.

"வண்டி அப்படியேதான் இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு."

"சீசன்ல இதென்ன கூத்து," என்றாள். மாட்டச் சொல்லவில்லை.

பட்டறைக் கூலி, மணல், டீசல், பாதி லோடால் விட்ட வாடகை எல்லாம் சேர்த்து நேற்று வரை பதினோராயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.