ஆர்மோனியப் பெட்டிக்கு ஒரு தோல்வார்

தாது வருஷம், அதாவது 1936, ஆடி மாதத்தில் தென்காசி ரயில் நிலையத்துக்கு ஒரு பார்சல் குமாஸ்தா மாற்றலாகி வந்தார். ஆனிக் கடைசியாகவும் இருக்கலாம்; குற்றாலத்தில் சீசன் நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும் நிச்சயம். ஆலங்குளத்துக்காரர், என்னைவிட இளையவர். வந்த வாரமே எங்கள் பஜனை மடத்துக்கு வந்து, தமக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும் என்றார். பள்ளிக்கூட வேலை போக நான் அங்கே பார்த்துவந்த வேலையே அதுதான்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்மோனியப் பெட்டி மடத்துக்குச் சொந்தம். அதைக் கழுத்தில் தொங்கவிடும் வார் வாசிப்பவருடையது. மார்கழி முதல் தேதி விடியலில் யாருடைய வாரைப் பெட்டியின் வளையங்களில் மாட்டுகிறார்களோ, அந்த மாதம் முழுவதும் வீதி பஜனையில் அவரே வாசிப்பார், முதல் பாட்டும் அவரே எடுப்பார். பல மார்கழிகளாக அது என் வார். பழைய வேட்டியை முறுக்கி இரு முனையிலும் முடிச்சுப் போட்டது.

குமாஸ்தாவுடையது தோல்வார், அவரே செய்தது. நடுவில் ஒரு தாமரை, இரு பக்கமும் கொடி. விரலால் தடவினால் இதழ் இதழாகத் தட்டுப்பட்டது. மடத்தில் அதைத் தடவாத ஆள் இல்லை.

"தோலைக் கழுத்துல போட்டுக்கிட்டா பஜனைக்கு வாறது?" என்று ஒருவர் முனகினார். மடத்தை நிர்வகித்துவந்த மிளகாய் மண்டி அண்ணாச்சி அவரை விடவில்லை.

"மிருதங்கத்துல என்னவே, பட்டுத்துணியா கட்டியிருக்கு? மார்கழிக்கு ரெண்டு பேரும் வாரைக் கொண்டாங்க. எது லெச்சணமா இருக்கோ அதை மாட்டுவோம். நம்ம வாத்தியார் வேட்டியில கட்டித் தூக்கிட்டு வாறதைப் பாத்தா, கன்னுக்குட்டியைக் களவாண்டுட்டு வாற மாதிரிலா இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. அவரும் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை பஜனைக்கு வந்திருந்த என் மனைவியும் அந்த வாரைப் பார்த்துவிட்டாள். "தாமரையைப் பாத்தியளா? கைவேலை தெரிஞ்ச மனுசன்" என்றாள் வீட்டுக்கு வந்ததும். நானும் செய்வேன் என்றேன். "நீங்களா? குடைக்கம்பியை மாட்டித் தாங்கன்னு சொல்லி ரெண்டு சீசன் போயிட்டு."

தோலில் பூவேலை செய்ய என்னென்ன கருவி வேண்டும் என்று தென்காசியில் குமாஸ்தாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வேறு யாருக்கோ விசாரிப்பதுபோல் அவரிடமே கேட்டேன்.

"புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நாலு சாமான் போதும் அண்ணாச்சி. கோடு கீற ஒரு கத்தி, கோட்டோரத்தை அமுக்க ஒரு அச்சு, சுத்தியும் புள்ளி குத்த ஒரு அச்சு, ஒரு மரச்சுத்தியல். இரும்புச் சுத்தியல் வேண்டாம், அச்சோட தலை நசுங்கிரும். கை பழகின பெறவு மத்ததை வாங்கிக்கிடலாம்."

அவர் சொன்னது அத்தனையும் சரி என்று இன்று தெரிகிறது. அன்று என் காதில் விழுந்தது 'புதுசா' என்ற ஒரு சொல்தான். சென்னைக் கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியலை வரவழைத்து, மயில், அன்னம், சங்கு, நட்சத்திரம் என்று அவரிடம் இல்லாத அச்சுகளாகப் பார்த்துக் குறித்தேன். ஓரத்தை அமுக்கும் அச்சு வெறும் சாய்ந்த இரும்புத்துண்டாகத் தெரிந்ததால் அதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு மயிலைச் சேர்த்தேன்.

அந்தப் பெட்டி ரயில் பார்சலில் வரும், குமாஸ்தாவின் கையால்தான் வாங்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சீட்டைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "உங்களுக்குத்தானா அண்ணாச்சி! சொல்லியிருந்தா என் அச்சையே தந்திருப்பேனே!" பெட்டியை வண்டிவரை அவரே தூக்கி வந்தார். கனமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தையாவது சொல்வாரா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

கடைத்தெருவில் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல் ஒரு நீள வாராகக் கிடைத்தது. கொசுறாக இன்னொரு குட்டை வாரையும் கடைக்காரர் சேர்த்துக் கட்டினார். நனைத்த தோலில்தான் அச்சு பதியும் என்று விலைப்பட்டியலில் போட்டிருந்தது. நனைப்பதற்கு எங்கள் ஊர்க்காரனுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். கார்த்திகையில் நல்ல மழை பெய்து அருவியில் தண்ணீர் கொட்டியது. குற்றாலத்துக்குப் போய் என் உடம்புக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டபோது நீள வாருக்கும் தேய்த்து ஊறவைத்தேன். பிறகு இரண்டு பேருமாக அருவியில் நின்றோம். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் மனிதத் தோல் இளகுகிறது, மாட்டுத்தோல் மட்டும் இளகாதா என்பது என் கணக்கு.

இளகத்தான் செய்தது. ஆனால் எண்ணெய் குடித்த தோலுக்குள் தண்ணீர் இறங்கவில்லை. மயிலை வைத்து அடித்தால் அந்த நிமிஷம் தெரியும். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தோல் பழையபடி உப்பி, மயில் இருந்த இடத்தில் ஒரு மங்கலான பள்ளம் மட்டும் இருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் எண்ணெய் போகவில்லை. "மயிலா இது? அடைக்கோழிலா படுத்திருக்கு!" என்றாள் மனைவி. கடைசியில் எண்ணெய் படாத குட்டை வாரை வெறும் தண்ணீரில் நனைத்து அடித்துப் பார்த்தேன். மயில் தோகையோடு நின்றது!

மார்கழி நெருங்கிவிட்டது. வேறு தோல் வாங்க நேரமில்லாததால் குட்டை வாரிலேயே வேலையை முடித்தேன். குட்டை வாரின் முனைகளில் துணிநாடா சேர்த்து நீட்டியிருக்கலாம். சேர்த்தால் மறுபடியும் வேட்டிப் பேச்சு வரும் என்று சேர்க்கவில்லை.

மார்கழி முதல் தேதி மடத்தில் இரண்டு வார்களையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். மண்டி அண்ணாச்சி மயிலைத் தடவிக்கொண்டே இருந்தார். "வாத்தியார் வாரே ஒரு படி மேலதான்" என்று தீர்ப்புச் சொன்னார். குமாஸ்தா தம் கையாலேயே அதை வளையங்களில் மாட்டி என் கழுத்தில் போட்டார். பெட்டி மோவாயில் வந்து இடித்தது. இடக்கைக்குத் துருத்தி எட்டவில்லை. வலது முழங்கை காதுக்கு மேலே நின்றது. முதல் பாட்டுக்கு வாயைத் திறக்கத் தாடைக்கு இடமில்லை.

"வேய், பாட்டு பொட்டிக்குள்ளேருந்துலா வருது!" என்றார் மண்டி அண்ணாச்சி.

கீழ்வீதி திரும்புமுன் பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். குமாஸ்தா என் வாரைப் பத்திரமாகச் சுருட்டி என்னிடம் தந்துவிட்டுத் தம் தாமரையை மாட்டிக்கொண்டார். நான் ஜால்ராவை வாங்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். ஒரு சுரமாவது பிசகாதா என்று நாலு வீதியும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனேன். பிசகவில்லை. மறுநாளும் பிசகவில்லை.