மாணிக்கம் எப்படிப்பட்ட ஆளு?

ஆட்டோக்காரன் ஏமாத்துவான்னு சவாரிக்கு ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு. பழவேற்காட்டுல ஆட்டோ ஓட்றவனுக்கு சவாரி மேல அதைவிடப் பெரிய சந்தேகம் உண்டு. என்னை மாதிரி ஞாயித்துக்கிழமையானா கல்லறை, மீன் மார்க்கெட்டு, லைட்ஹவுஸ்னு ஜனங்களை ஏத்தினு சுத்தற சகாக்களுக்கு இது நல்லாப் புரியும்.

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு ஆளு கேமராவோட வந்தான். பூநாரை பாக்கணும்னான். லைட்ஹவுஸ் குப்பத்துல நாங்க மீன் காயப்போடற மணல்மேடு வரைக்கும் நானே கூட்டினு போய்க் காட்டினேன். அடுத்த மாசம் அதே இடத்துல நெலத்தை வளைக்க அளவுக்கல்லு நட்டாங்க. எந்தக் கம்பெனினு இன்னிவரைக்கும் தெரியல. ஊர்க்கூட்டத்துல என்னை நடுவுல நிக்க வெச்சுக் கேட்டாங்க பாருங்க, மானமே போச்சு.

அதனாலதான் இந்தத் தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, வண்டி எடுக்கும்போதே என் சம்சாரம் கோமதி எச்சரிக்கை பண்ணா: "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற நேரம். இன்னொரு தபா பேரைக் கெடுத்துக்கினு வந்தே, எவன்யா நம்ம வூட்டுப் படி ஏறுவான்?"

எலும்புக்கூடு

அன்னிக்குச் சரியான கூட்டம். பஸ் ஸ்டாண்டுல வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருத்தரும் அவரு சம்சாரமும் ஏறினாங்க. முழுநாளும் சுத்திப் பாக்கணும்னாங்க. முதல்ல டச்சுக்காரங்க கல்லறைக்கு வுட்டேன். வாசல் கல்லுல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். வர்றவன் போறவன்லாம் அது பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்காம நகர மாட்டான்.

இவங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. "பாருங்கம்மா, எவ்ளோ பழசு"னு காட்டினேன். அந்தம்மா சொன்னாங்க: "அது கெடக்கட்டும் தம்பி, இங்கேர்ந்து ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்?"

செவுள்

அடுத்து மீன் மார்க்கெட்டு. டூரிஸ்ட்டுன்னா மூக்கைப் பொத்திக்கினு எட்ட நிப்பான். இந்தப் பெரியவர் நேராப் போய் ஒரு மடவையை எடுத்து, செவுளைத் தூக்கிப் பாத்துட்டு, "நேத்து மீனு"னு திரும்பப் போட்டாரு. மீனு விக்கிற பார்வதியக்கா என்னைக் கிட்ட இழுத்துக் காதுல சொன்னா: "இவரு சுத்திப் பாக்க வந்தவரு இல்லடா. கம்முனு உஷாரா இரு."

பட்டா

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்தா, லைட்ஹவுஸைப் பாக்காம வூடு வூடாப் பாக்கறாங்க. அந்தம்மா தெரு பைப்புல ஒரு கை தண்ணி புடிச்சுக் குடிச்சுப் பாத்துட்டு மூஞ்சைச் சுளிச்சாங்க. பெரியவர் மெதுவாக் கேட்டாரு: "மழைக்காலத்துல கடல் எதுவரைக்கும் வரும்? இந்த வூடுங்களுக்குப் பட்டா இருக்கா?"

பட்டான்ன உடனே எனக்கு அந்த அளவுக்கல்லு ஞாபகம் வந்துச்சு. திரும்ப அளக்க வந்துட்டாங்கடானு ஊரைக் காப்பாத்த இறங்கிட்டேன். "பட்டாவா? ஒருத்தனுக்கும் கெடையாது சார். புயல் அடிச்சா கடல் நேரா அடுப்பங்கரைக்கு வரும். தண்ணி உப்பு. மனுசன் இருப்பானா இங்க?" பெரியவர் சம்சாரத்தைப் பாத்தாரு: "நம்மகிட்ட இதையெல்லாம் ஒருத்தரும் சொல்லலியே."

அவனா?

திரும்பி வர்ற வழியில பெரியவர் முன்னாடி குனிஞ்சு கேட்டாரு: "மீன் புடிக்கிற போட்டு வெச்சிருக்கற மாணிக்கம்னு ஒருத்தர் இந்தக் குப்பத்துல இருக்காராமே, எப்படிப்பட்ட ஆளு?"

மச்சான் போட்டுல எனக்குப் பாதிப் பங்கு உண்டு. அந்த மாணிக்கம் நான்தான். என் பேரு வரைக்கும் விசாரிச்சுக்கினு வந்திருக்காங்க, போன தபா மாதிரியே என்னை வெச்சே ஊரை அமுக்கப் பாக்கறாங்கனு முடிவு கட்டிட்டேன். "அவனா? சரியான பேஜாரு புடிச்ச ஆளு சார். விடிஞ்சா தண்ணி, வாயைத் தொறந்தா பொய்யி. ஊர்க்கூட்டத்துலயே நிக்க வெச்சுக் கேட்டாங்கன்னா பாத்துக்கங்க. அவன் வூட்டுப் பக்கமே போவாதீங்க." சொல்லும்போது அவ்ளோ பெருமை எனக்கு.

பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் அந்தம்மா என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க: "தெய்வமா வந்து சொன்னே தம்பி. எங்க புள்ளை வாழ்க்கையைக் காப்பாத்திட்டே."

தரகர் போன்

புள்ளையா, எந்தப் புள்ளைனு யோசிச்சுக்கினே வூட்டுக்கு வந்தேன். கோமதி கையில போனு. ஸ்பீக்கர்ல தரகர் புலம்பறாரு: மாப்பிள்ளையைப் பெத்தவங்க சொல்லாம கொள்ளாம விசாரிக்க வந்தாங்களாம், எவனோ ஒரு ஆட்டோக்காரன் எல்லாத்தையும் கெடுத்துட்டானாம், சம்பந்தம் வேணாம்னுட்டாங்களாம். "அவன் வாயி புழுத்துப் போவ"னு கோமதி மண்ணை வாரித் தூத்தினா. தாங்க முடியாம, அது நான்தான்டினு சொல்லிட்டேன். அடுத்த பிடி மண்ணை அவ என் தலையிலயே போட்டா. என் பொண்ணோட வாழ்க்கையை என் வாயாலயே கெடுத்துட்டேனேனு உக்காந்து அழுதேன்.

பொண்ணு செல்விதான் வண்டிச் சாவியை எடுத்துக் கையில குடுத்தா. "தண்ணி உப்பு, பட்டா இல்ல, கடல் உள்ள வருது, எல்லாம் நெசம்தானே நைனா. உன்னைப் பத்திச் சொன்னது மட்டும்தான் பொய்யி. வா, அவங்க பஸ் கெளம்பறதுக்குள்ள அதை மட்டும் சொல்லிட்டு வந்துடலாம்."

ஓடிப் போய் அந்த ஒண்ணை மட்டும் சொல்லிட்டு வந்தோம். அன்னியிலேர்ந்து மாணிக்கம் எப்படின்னு யாரு கேட்டாலும், கேக்கறவன் கல்லு நட வந்தவனா சம்பந்தம் பேச வந்தவனானு தெரியற வரைக்கும், தங்கமான மனுசன்னே சொல்லி வெச்சுடறேன்.