மச்சான் கயிற்றைச் சுண்டினால்

தூத்துக்குடி மருந்துக் கடையில் ஊசி மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, எங்கள் ஊர் புன்னைக்காயலிலிருந்து சைக்கிளில் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். "மருந்து வேண்டாம்யா. மிக்கேல் அண்ணன் போயிட்டாரு" என்றார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. இதைச் சொல்லவா இத்தனை வேகமாக மிதித்து வந்தீர் என்று கேட்டேவிட்டேன். அறிவுகெட்ட கேள்வி. அவர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

மிக்கேல், என் அக்கா ரோசம்மாவின் கணவர். எனக்கு மச்சான். அவர் மூச்சடக்கும் அழகை, ஊர்க்காரர்களான உங்களில் பலர் வள்ளத்தில் நின்று பார்த்தவர்கள். முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்த காலம், சங்குதான் குளித்தோம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவர் இறங்குவார், மறுமுனையை மேலே நான் பிடித்திருப்பேன். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அக்காள் தாலியறுப்பதற்குத் தம்பி துணிய மாட்டான், அதுதான் காரணம். கீழேயிருந்து இரண்டு தரம் சுண்டினால் இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். முதல் நாள், பயத்தில், அவர் சுண்டுவதற்கு முன்பே இழுத்துவிட்டேன். மேலே வந்தவர் தண்ணீரைத் துப்பிவிட்டு, "ஏலே, கயிறு சொன்னா இழு. ஒன் பயம் சொன்னா இழுக்காத" என்று வைதார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருடம் அவருக்குக் காலையில் முகம் வீங்க ஆரம்பித்தது, பிறகு கால். நீர் சரியாகப் பிரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி கெட்டுவிட்டன என்றார். சீமையில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஏதோ யந்திரம் செய்து பார்க்கிறார்களாம். அது இங்கே வர நாளாகுமாம். உப்பில்லாச் சாப்பாடும் படுக்கையும்தான் மருந்து, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். இரண்டு மாதம் கிடந்தார். வீக்கம் வடிந்த அன்று பார்த்தால், கல்லுப்போலிருந்த தொடை என் கை அளவுக்குச் சூம்பியிருந்தது.

அவருக்கு ஒரே மகள். ஈஸ்டர் கழிந்து அவளுக்குக் கல்யாணம். "கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும் எம் பிள்ளைய நான்தான் நடத்திக் கூட்டிட்டுப் போவேன். நாற்காலியில வச்சுத் தூக்குனீயன்னா நான் வரவே மாட்டேன், இப்பமே சொல்லுதேன்" என்றார். "நடந்தா செத்துருவீய" என்று அக்கா அழுதாள். "கெடந்தாலும் அதுதான ரோசம்மா" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் மறுபடியும் டாக்டரிடம் போய், அவரை நடக்க விடும்படி நச்சரித்தேன். அவர் எரிந்து விழுந்தார். "மூச்சு வாங்கினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஒரு எட்டுகூட அதிகம் கூடாது. ஏதாவது ஆனால் பொறுப்பு உன்னுடையது" என்றார்.

மறுநாள் காலையிலேயே கடற்கரை மணலுக்குக் கூட்டிப் போனேன். விழுந்துவிடாமலிருக்க இடுப்பில் அதே கயிறு. மூச்சு வாங்கினால் இரண்டு சுண்டு, நான் ஓடிப்போய்த் தாங்க வேண்டும் என்று பேச்சு. மூன்றாம் நாள் சுண்டினார். என் கை கேட்டால்தானே! வள்ளத்தில் நிற்கிற நினைப்பில் இரண்டு கையாலும் வலித்து இழுத்துவிட்டேன். மனிதர் குப்புற விழுந்து உதடு கிழிந்தது. அக்கா ஓடிவந்து என் கன்னத்தில் அறைந்தாள். "எந் தாலிய அறுக்கவாலே கயிறு பிடிச்ச?" என்று கத்தினாள். மச்சான் வாயெல்லாம் மணலோடு சிரித்தார். "கரையில நிக்கவன எங்கலே இழுக்க?" என்றார்.

அன்றோடு நடை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் அக்காவே கயிற்றை எடுத்தாள். "இவன நம்ப முடியாது, நான் பிடிக்கேன்" என்றாள். முதலில் இரண்டு வள்ளத்து நீளம், பிறகு மூன்று. கால் வீங்கிவிட்டால் திரும்ப இரண்டுக்கே வருவார்கள். அவர் நின்றால் அவளும் நிற்பாள். நான் வெறுங்கையோடு பின்னால் போவேன், வெட்கமாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று கோயிலில் நீங்களும் இருந்தீர்கள். அவருடைய கோட்டுக்கு அடியில் கயிறு இருந்தது உங்களுக்குத் தெரியாது. அதன் முனை, பின்னால் வந்த அக்காவின் முந்தானைக்குள் இருந்தது. நடுவழியில் மச்சான் நின்றுவிட்டார். பிடரியெல்லாம் வேர்வை. பாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நான் பாய்ந்து பிடிக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "அவுக சுண்டல" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. பிறகு அவர் மகளின் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு பீடம் வரைக்கும் நடந்தார்.

மழைக்காலம் வரை வீட்டைச் சுற்றி நடமாடிக்கொண்டிருந்தார். அப்புறம் மூச்சு முட்டிப் படுத்தவர் எழவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள். "நீ மருந்துக்குப் போனப்புறம் எங் கையைப் பிடிச்சுக்கிட்டே கெடந்தாகலே. கண்ணு மூடியிருந்துச்சு. திடீர்னு ரெண்டு தரம் சுண்டுனாக" என்றாள். பிறகு தன் உள்ளங்கைகளை என்னிடம் விரித்துக் காட்டினாள். "நான் இழுத்தேன்லே. ரெண்டு கையாலயும் இழுத்தேன்."

கயிற்றை அவள் எனக்கே கொடுத்துவிட்டாள். என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. கல்யாணத்தன்று அவர் இடுப்பில் போட்ட முடிச்சு அதில் அப்படியே இருக்கிறது. அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.